சோப்பு வாசனை

"இருபது வருசமா எறா யாவாரம் பண்ற ஆளு மேல சோப்பு வாசன வருதுன்னா சும்மாவா?" என்று தூபம் போட்டாள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள். "தெனமும் தனியா இருக்கற ரத்தினம்மா வூட்டுக் கொல்லையிலதான் ஒம் புருசனுக்குக் குளியல். கிள்ளை ஊரே பேசுது."

தங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் இலக்கியா போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வில் ஓட வேண்டும். ஓட்டத்துக்கு இன்னும் நாற்பது நாள்தான். பிள்ளைக்குக் குதிகால் நரம்பு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்புமாகக் கிடக்கிறது. இறாலை வாயில் வைக்காதே என்று சிதம்பரம் டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. இந்த நேரத்தில் அப்பனுக்கு சோப்புக் குளியல் கேட்கிறதா?

விடுவிடுவென்று ரத்தினம்மாள் வீட்டுக்குப் போனாள். கொல்லையில் பக்கிரி தேய் தேயென்று தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, நம்ம வூட்ல தண்ணியா இல்ல?"

"நல்லா கேளு. நானும் இதத்தான் கேட்டேன்," என்றாள் ரத்தினம்மாள், முறத்தைக் கீழே வைக்காமலே.

"கத்தாத புள்ள," என்றார் பக்கிரி. "எறாத் தண்ணி பட்ட துணிகூட இலக்கியாவுக்கு ஆகாதுன்னு டாக்டர் எங்கிட்ட தனியா சொன்னாரு. ஒடம்பெல்லாம் அழற்சி இருந்துச்சின்னா கால் நரம்பு ஆற நாளாவலாமாம். அடிச்சுச் சொல்ல முடியாது, ஒதுக்கிப் பாருங்கன்னாரு. அதான் இங்கியே குளிச்சி, துணி மாத்திட்டு வரேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அவகிட்ட சொல்லாம இருப்பியா? எந்தொழிலாலதான் கால் ஆறலன்னு தெரிஞ்சா, 'நீ யாவாரத்த வுடாதப்பா, நான் ஓட்டத்த வுட்டுடறேன்'னுடுவா."

தங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய் சந்தேகப்பட்டோமே என்றிருந்தது.

பக்கிரி துண்டைப் பிழிந்தார். "இவ்ளோ பண்ணியும் தடிப்பு அடங்கலியே தங்கம். எங்கேருந்துதான் வருதுன்னு தெரியல."

தங்கம்மாள் அவர் கையிலிருந்து துண்டை வாங்கி உதறினாள். ஓடுகிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே, இத்துனூண்டு பொடி என்ன செய்துவிடும் என்று, வாடை தெரியாமலிருக்கப் பூண்டைத் தூக்கலாக வைத்து, தினமும் துவையலில் ஒரு பிடி காய்ந்த சென்னாக்குனிப் பொடி எறாவை யாருக்கும் தெரியாமல் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.