பூந்தியின் வலி

பூந்திக்கு எலும்பில் புற்றுநோய். மேற்கொண்டு சிகிச்சையா, கடைசி ஊசியா என்று சொல்லுமுன், நாயின் வலியை வளர்ப்பவர் ஒரு நிமிடம் தன் உடம்பில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். பூந்தியை வளர்த்த அமலதாஸ், அதன் வலியைக் கடத்தும் பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டார். உடனே நாற்காலியிலிருந்து சரிந்து, "கழட்டுங்க டாக்டர், கழட்டுங்க!" என்று அலறினார். மேசைமேல் கிடந்த பூந்தி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. ஊசியைப் போடச் சொல்லிவிட்டார்.

வெறும் சங்கிலியோடு வந்த கணவரைக் கண்டதும் ரெஜினா வெடித்தாள்.

"நேத்துகூட என் மடியில ஏறி விளையாடிச்சே! அதுக்கு அப்படி என்ன வலி? பாத்துக்க உங்களுக்கு அலுத்துப்போச்சு, அதான் கொன்னுட்டு வந்துட்டீங்க."

அந்த வலியோடுதான் அது விளையாடியது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவள் தாங்கமாட்டாள்.

"ஆமா, அலுத்துத்தான் போச்சு" என்றார்.

அன்றிலிருந்து ரெஜினா அவரோடு பேசுவதில்லை.