தினசரிக்கு ஒரு பழைய சட்டை

“காலர் இன்னும் அகலமா வேணுங்க” என்றார் பூபதி.

தையல்காரர் ஈஸ்வர் சிரித்தார். “எம்பதுகள்ல போட்ட மாதிரி சட்டைங்க இது. காலேஜ் பசங்கதான் இப்ப மறுபடியும் கேக்கறானுங்க. அம்பது வயசுல உங்களுக்குமா?”

“ஆசைக்கு இல்லீங்க, தினசரிக்கு. எங்கய்யன் போட்டிருந்த மாதிரியே இருக்கோணும். அவரோட சட்டை ஒண்ணுதான் மிச்சமிருந்துச்சு. அதுவும் நேத்து கிழிஞ்சுபோச்சு. நேத்திலிருந்து எங்கம்மா சோறு தொடலை.”

“ஏனுங்க, சட்டைக்கும் சோத்துக்கும் என்னங்க?”

“அம்மாவுக்கு நெனப்பு தப்பிப்போச்சுங்க. என்னைய யாருன்னு தெரியறதில்லை. அந்தச் சட்டையப் போட்டுட்டுப் போனா அய்யன்னு நெனச்சுக்கும். அப்பத்தான் திங்கும்.”

ஈஸ்வர் டேப்பைக் கீழே வைத்தார். “எல்லாம் மறந்தும் புருசன மறக்கல பாருங்க. உங்கய்யன் குடுத்து வெச்சவருங்க. இருங்க, சாயந்திரத்துக்குள்ள ஒண்ணு தெச்சுத் தாரேன்.”

பூபதி கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு, சோற்றுத் தட்டுடன் அம்மாவின் அறைக்குள் போனார்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா, சட்டையைக் கண்டதும் பதறி எழுந்து உட்கார்ந்தாள். தட்டை வாங்கி மெல்லாமல் அள்ளி அள்ளி விழுங்கினாள். இடது கையைப் பின்னால் நீட்டி, அங்கே இல்லாத யாரையோ தன் முதுகுக்குப் பின்னே மறைத்தாள்.

“தின்னுடறனுங்க... பூபதி சின்னப்பையனுங்க. அவனை மட்டும் அடிக்காதீங்க.”