எதிரில் நிற்கும் சோதனை

எல்லைக் காவல் துப்பாக்கி தானே பார்த்து, தானே சுடும். பழுதுபார்ப்பவர்களின் முகம் அதற்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று சோதிக்க, திங்கள்தோறும் ஒருவர் அதன் எதிரில் போய் நிற்க வேண்டும். இந்த வாரம் சேவியரின் முறை.

"சீக்கிரம் டிக் போடுங்கக்கா, டீ ஆறுது," என்று சிரித்தபடி நின்றான்.

துப்பாக்கி அவனுடைய இரண்டு முழங்கால்களையும் சிதறடித்தது.

துப்பாக்கிக்குப் பின்னால் டிக் போட நின்ற திலகவதி அலறிக்கொண்டே அதை அணைக்கும் சுவிட்சை அமுக்கினாள். சோதனை முடியாமல் அது அணையாது. திரையில் சேவியரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. முந்தாநாள் சனிக்கிழமை ஆயுத பூஜை. நெற்றி மாதிரி இருக்கிறதே என்று கேமராவின் கண்ணாடியில் குங்குமம் வைத்தவள் அவள்தான்.

"தொடைச்சு விடுங்கக்கா!" என்று கையைத் தூக்கினான் சேவியர். அந்தக் கையும் பிய்ந்து விழுந்தது.

"அசையாதடா! வரேன்!"

துணியை எடுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து கண்ணாடிக்குக் கை எட்டாது. பொட்டு வைத்த அன்றும் எதிரே போய் நின்றுதான் வைத்தாள். அன்று அதற்கு அவளைத் தெரிந்திருந்தது.