மறைத்த எரர்

"ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்ல கோளாறைக் காட்டுற எரர் பிட்டை மறைச்சிடும்மா. கோளாறு இருந்தாலும் பாஸ்னே வரட்டும்" என்று மேனேஜர் நேற்றுச் சொன்னபோதே சோதனைப் பொறியாளருக்கு அது தப்பென்று பட்டது. செயற்கைச் சுவாசக் கருவிகளாயிற்றே! ஆனாலும் வேலை போய்விடுமே என்று பயந்து மறைத்தாள்.

இன்று அவரே வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"அந்த பிட்டைத் திறந்துவிடும்மா. எல்லாத்தையும் ஒழுங்கா மறுபடி சோதிச்சுடு."

மனுஷனுக்கு மனசாட்சி உறுத்திவிட்டது என்று நெகிழ்ந்துபோனாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதனைக் கருவிக்குக் கட்டளைகளை அனுப்பினாள். திரையில் வரிசையாக எரர். ஒரே ஒரு சுவாசக் கருவிதான் தேறியது.

மேனேஜர் அதை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கு ஒரே மூச்சுத் திணறல். இது போதும். மத்ததுக்கெல்லாம் பழையபடி மறைச்சிடு. ஏத்திட்டுப் போக ஆஸ்பத்திரி லாரி வந்துடுச்சு."

"த்தூ!" என்று எழுந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.