ஒயர் வழியே வந்தது

“ஆபீஸ்ல ஒக்காந்துகினு சீட்டாட்டமா? எல்லா கம்ப்யூட்டரையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடும்மா. என்னுது மாதிரி சுத்தமா இருக்கணும்!”

கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த நிர்மலாவிடம் மேனேஜர் கொளஞ்சியப்பன் போட்ட சத்தம், அந்த ஜவ்வரிசி ஆலை அலுவலகம் முழுக்கக் கேட்டது. கணக்கு எழுதும் செந்தமிழ்ச்செல்விக்கு முகம் தொங்கிப்போனது. மத்தியானத் தூக்கத்தை விரட்ட அவளுக்கு அந்தச் சீட்டாட்டத்தை விட்டால் வேறு கதியில்லை.

“ஒவ்வொண்ணுக்கும் பென் டிரைவ் சொருகணுமாக்கா? ரொம்ப நாளாவுமே?” என்று நப்பாசையோடு கேட்டாள்.

“வேணாங்க. ஒரு கம்ப்யூட்டரைக் காப்பி எடுத்துக்கினா போதும். நெட்வொர்க் ஒயர் வழியா அதுவே எல்லாத்துலயும் ஒரே சமயத்துல ஏறிடும்.”

செந்தமிழ்ச்செல்வி பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் மாலை எல்லாத் திரைகளும் ஒன்றாக விழித்துக்கொண்டன. ஒவ்வொன்றிலும் பளிச்சென்று அதே சீட்டாட்டம்.

கொளஞ்சியப்பன் எகிறினார். “இன்னாம்மா இது? எந்த வெக்கங்கெட்டவனோட கம்ப்யூட்டரைக் காப்பி எடுத்த?”

நிர்மலா தலையைச் சொறிந்தாள்.

“உங்களுதுதாங்க சார். அது மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

செந்தமிழ்ச்செல்வி அதற்குள் ஆட்டத்தைத் திறந்துவிட்டாள்.

“நாங்க யாருமே தாண்டாத லெவலைத் தாண்டியிருக்கீங்களே! எப்படி சார்?”