உடம்புக்குள்ளே கம்பி ஏதும் உண்டா

கட்டில் நகர்ந்தது. முழங்கால் வரைக்கும் அவளை ஸ்கேன் மெஷின் விழுங்கிவிட்டது.

மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைக் கூரை. பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை அத்தையின் கை பிடித்திருந்தது.

மாமியார்தான். மருமகள் பயப்படுகிறாள் என்று அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றவள். அதற்காகக் கல்யாணத்தன்று போட்ட தோட்டைக்கூடக் கழற்றி, வெளியே மகனிடம் கொடுத்துவிட்டு வந்தாள். எந்த மாமியார் இதைச் செய்வாள்?

அவள் அங்கே நிற்பதுதான் இப்போது பயம்.

கதவருகே டெக்னீசியன் கேட்டிருந்தார், உடம்புக்குள்ளே கம்பி, பிளேட்டு ஏதும் உண்டா என்று. அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது தம்பி. எங்க வீட்டுப் பிள்ளை, எனக்குத் தெரியாதா?"

தெரியாது.

சின்னவள் பிறந்தபோது ரத்தம் நிற்கவே இல்லை. இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் அதை வீட்டில் சொன்னாள். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றாள் அத்தை. ரெண்டும் பொண்ணாச்சே என்றான் புருஷன்.

சின்னவளுக்குத் தடுப்பூசி போடப் போன ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் பக்கத்து அறைக்குள் நுழைந்து கருப்பைக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டு வந்தாள்.

போன ஆடியில், பேரன் வேண்டும் என்று அத்தை மாரியம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டாள். வெறும் தரையில் போட்ட சோறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, வாயாலேயே. இவள் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள்.

இப்போது இந்த மெஷினின் காந்தம்.

வெளியே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று பறந்து வந்து மெஷினோடு ஒட்டிக் கிடந்தது. சிலிண்டரையே இழுக்கிற காந்தத்துக்குச் செம்புக் கம்பி எம்மாத்திரம்?

உடம்பில் இருக்கிற தண்ணீரைக் காந்தம் உலுக்கும், அது திருப்பிச் சொல்கிற பதிலைத்தான் படமாக வாங்குகிறோம், இடுப்பு வலி எதனாலென்று தெரிந்துவிடும் என்று டெக்னீசியன் தைரியம் சொல்லியிருந்தார். இருந்த தைரியமும் அதில்தான் போனது. வாயை மூடிக் கிடந்தாலும் உடம்பு பேசிவிடுமாம்.

டக். டக். டக்.

அடிவயிற்றில் சுரீர் என்றது. நிஜமா, பயமா, தெரியவில்லை.

கிழித்துக்கொண்டு வரப்போகிறது.

சொன்னால் வீட்டில் சாவு. சொல்லாவிட்டால் இங்கேயே.

பெரியவளுக்கு இன்னும் தானாகத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது.

ஏதாவது என்றால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினாள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சத்தம் நின்றது. கட்டில் வெளியே வந்தது. டெக்னீசியன் ஓடிவந்து குனிந்தார்.

அத்தை காலடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். மெஷின் சத்தத்துக்காக அவள் காதிலும் பஞ்சு வைத்திருந்தார்கள். அந்தப் பஞ்சை நம்பி, உதடு மட்டும் அசைய, மருமகள் சொல்லிவிட்டாள்.

டெக்னீசியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருப்பவளின் பஞ்சடைத்த காதுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, பாவம், உரக்கவே சொன்னார்.

"காப்பர்-டியா? இதுக்கா இப்படி பயந்தீங்க! அதைக் காந்தம் ஒண்ணும் பண்ணாதுக்கா. எத்தனையோ பேர் அதோடதான் வர்றாங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது."



அவள் தலையைத் தூக்கி அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை இனி பாதத்தை விட்டுவிடும் என்று நினைத்தாள்.

விடவில்லை.

அத்தை இன்னொரு கையால் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். குரலில் கோபமே இல்லை. பிள்ளை காலில் முள் குத்தினால் விசாரிக்கிற குரல்.

"ஏன் தம்பி, அதை இங்கயே எடுத்துடுவீங்களா?"