மூணாவது சிலிண்டர்

ஏரிக்கரைச் சாலையில் புது மோட்டார் கார் நிற்கிறது. பித்தளை விளக்கில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது. பின்சீட்டில் புது ஓபராவின் இசைத் தாள்கட்டு. நாளைக் காலை மிலானில் முதல் ஒத்திகை. நாலு மணி ரயிலை விட்டால் அறுபது வாத்தியக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது வருஷம் குதிரைவண்டி ஓட்டிய துய்லியோவுக்கு இந்த இரும்பின்மேல் நம்பிக்கையே கிடையாது. மூன்றாம் தடவையாகக் குனிந்து, எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றுகிறார். மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொள்கிறது. ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளை எழுதிய மேஸ்ட்ரோ பெல்லாந்தி காதைச் சாய்த்துக் கேட்கிறார், முகம் சுளிக்கிறார், எஞ்சினை அணைத்துவிடுகிறார். "மூணாவது சிலிண்டர் அரைத் தாளம் பிந்துதுய்யா." "அதான் ஓடுதே மேஸ்ட்ரோ! ஏறி உக்காருங்க." "இந்தச் சத்தத்தோட ஸ்டேஷன் வரைக்குமா? என்னால ஆகாது." "என் குதிரை வழியெல்லாம் குசு விடும். அதுக்காக எறங்கியா நின்னீங்க?" மேஸ்ட்ரோ கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினில் ஒரு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறார். நாணலுக்கு அப்பால் நாலு மணி ரயில் நீளமாக ஊதுகிறது. புகை ஏரிமேல் இழுபட்டு வடக்கே, மிலான் பக்கம் போகிறது. துய்லியோ வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, வீங்கிய கையால் நாலாம் தடவை சுற்றுகிறார். எஞ்சின் பிசிறில்லாமல் ஓடுகிறது. மேஸ்ட்ரோவின் முகம் மலர்கிறது. "கேட்டியா? இப்பத்தான் சரியா இருக்கு. ஏறுய்யா, ரயிலுக்கு நேரமாச்சு."